சினை தங்காத மாடு: பழி யார் மேல்?

பால் கறக்கும் வரைக்கும் அது ராசியான மாடு. ஒரு வருடம் சினை தங்காவிட்டால் அதே மாடு மலட்டு மாடு. அதற்குப் பிறகு அதிக நாள் செல்வதில்லை, வியாபாரி கயிற்றோடு வந்து வாசலில் நிற்பார். ஏன் சினை நிற்கவில்லை என்று ஆராய்ந்து பார்க்கும் வழக்கம் நம்மிடம் குறைவு. வீட்டுக்குத் தலைமை தாங்குபவர் பெண்ணாக இருந்தால் பேச்சு இன்னும் நீளும். "பொம்பிளை பார்க்கிற மாடு, வேறெப்படி இருக்கும்?" என்று கேட்பவர்களும் உண்டு.

நான் றக்வானப் பகுதித் தோட்டங்களில் பெண்களின் சேமிப்புக் குழுக்களோடு வேலை செய்கின்றேன். பல்கலைக்கழகத்தில் படித்தது சமூகவியல். மாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தவை லயத்தில் மாடு வளர்க்கும் அக்காமாரிடமும், மிருக வைத்தியர்களிடமும், பிறகு தேடிப் படித்தவற்றிலிருந்தும் கற்றுக்கொண்டவை. இதை வடக்கிலும் கிழக்கிலும் உள்ள சகோதரிகளாகிய உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கின்றது. போர் முடிந்து ஊர் திரும்பியபோது உங்களில் பலருக்கு வாழ்வாதார உதவியாகக் கிடைத்தது ஒரு பசு. இன்னொரு காரணம், உங்களில் சிலருக்கு இது சொந்த மண். 1977இலும், 1981இலும், 1983இலும் நடந்த வன்செயல்களில் இந்த இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களிலிருந்து உயிர் தப்பி வன்னிக்குச் சென்று குடியேறிய குடும்பங்கள் ஏராளம். நாங்கள் கிடேரி என்று சொல்வதை நீங்கள் நாகு என்பீர்கள். சொல் வேறானாலும் மாட்டுக் கொட்டகையின் கவலை ஒன்றுதான்.

மூன்று ஊசிக்குப் பிறகு

எங்கள் பகுதியில் தேயிலையும் இறப்பருமே தொழில். கொழுந்து எடுத்துவிட்டு வரும் பெண்கள் மாலையில் ஒரு கட்டுப் புல் அறுத்துத் தலையில் சுமந்து வருவார்கள். மாடு பெரும்பாலும் லயத்துக்குப் பின்னால் கட்டிய கட்டில் நிற்கும். மாத முடிவில் வரும் பால் காசுதான் பிள்ளைகளின் பாடசாலைச் செலவுக்கும் கடைக் கடனுக்கும்.

எங்கள் குழுவில் உள்ள ஓர் அக்கா கணவரை இழந்தவர். அவரிடம் ஒரு ஜேர்சிக் கலப்பு மாடு இருக்கின்றது. மூன்று தடவை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. "மூணு ஊசிக்கும் காசு போச்சு மிஸ். பாலும் வத்திக்கிட்டு வருது. மாமி வித்துரச் சொல்றாங்க. அது வந்த நேரம் சரியில்லையாம்" என்றார். வந்த நேரம் என்று மாமியார் சொன்னது மாட்டை மட்டுமல்ல என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாடு ஏறக்குறைய 21 நாளுக்கு ஒரு தடவை சினைக்குக் கத்தும். மூன்று தடவை தவறினால் 63 நாள். அடுத்த கன்றும் அடுத்த கறவையும் அத்தனை நாள் பிந்துகின்றன. நாளொன்றுக்கு 5 லீற்றர் கறக்கும் மாடு என்றால், 315 லீற்றர் பால் கைக்கு வரப் பிந்துகின்றது. ஒற்றை மாட்டை நம்பி இருக்கும் வீட்டுக்கு இது சிறிய தொகை அல்ல.

மிருக வைத்தியர் வந்து பார்த்தார். கருப்பையில் குறையேதும் தெரியவில்லை. "முன்பு போட்ட ஊசி எந்தக் காளையுடையது?" என்று கேட்டார். அக்காவிடம் பதில் இல்லை. பிறகு குழுவில் மாடு வைத்திருந்த எல்லோரிடமும் நான் அதே கேள்வியைக் கேட்டேன். ஒருவரிடமும் பதில் இல்லை. தாய் மாடு எது, பாட்டி மாடு எது, எத்தனை லீற்றர் கறந்தது என்பதெல்லாம் சொன்னார்கள். தந்தை யாரென்று எவருக்கும் தெரியவில்லை.

நான்காவது தடவை வேறொரு காளையின் ஊசி. விடிய மாடு கத்தியது, அன்று மாலையே போட்டார்கள். சினை நின்றது. காளை மாறியதாலா, நேரம் சரியாக அமைந்ததாலா என்று ஒரு மாட்டை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் "எந்தக் காளை?" என்ற கேள்வி என்னோடு தங்கிவிட்டது.

ஒரு காளையும் ஐந்து இலட்சம் கருக்களும்

பெரிய நாடுகளின் பண்ணைகளிலும் அந்தக் கேள்வி நெடுங்காலம் கேட்கப்படவில்லை. 1962இல் அமெரிக்காவில் ஒரு ஹோல்ஸ்டீன் காளை பிறந்தது. பெயர் போனி பார்ம் ஆர்லிண்டா சீஃப். அதன் மகள்மார் நிறையப் பால் கறந்தன. ஆகவே அதன் விந்து உறைய வைக்கப்பட்டுப் பல நாடுகளுக்கும் போனது. அந்த ஒரு காளைக்கு 16,000 மகள்மார், 5 இலட்சம் பேத்திமார், 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பூட்டிகள் என்று கணக்கிட்டிருக்கின்றார்கள்.

அந்தக் காளையின் உடலில் ஒரு குறை மறைந்திருந்தது. உயிரினங்களின் உடலை உருவாக்கும் கட்டளைகளைப் பரம்பரையலகுகள் என்கின்றோம். ஒவ்வொரு கட்டளைக்கும் இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று தாயிடமிருந்து வந்தது, மற்றது தந்தையிடமிருந்து வந்தது. காணி உறுதிக்கு இரண்டு பிரதி வைத்திருப்பது போல. இடம்பெயர்ந்த நமக்கு அதன் அருமை தெரியும். ஒன்று சிதைந்து போனாலும் மற்றதைக் காட்டிக் காரியத்தை நடத்தலாம். இரண்டும் சிதைந்தால் காரியம் நடக்காது. கரு வளர்வதற்கு அவசியமான ஒரு பரம்பரையலகின் ஒரு பிரதி சீஃபிடம் சிதைந்திருந்தது. மற்றப் பிரதி நன்றாக இருந்தபடியால் காளை திடகாத்திரமாக வளர்ந்தது. வெளியில் ஒன்றும் தெரியவில்லை.

அதன் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்தச் சிதைந்த பிரதி போனது. பிறகு, சீஃபின் வழி வந்து அந்தச் சிதைந்த பிரதியைச் சுமந்த மாடும் காளையும் சேர்ந்தபோது, நான்கு கருக்களில் ஒன்றுக்கு இரண்டு சிதைந்த பிரதிகளும் கிடைத்தன. அந்தக் கரு வயிற்றிலேயே அழிந்தது. சில மாடுகள் மீண்டும் கத்தின, சில பிந்திக் கரு சிதைந்தன.

இதை 2011இல் அமெரிக்க விவசாயத் திணைக்கள விஞ்ஞானிகள் கண்டுபிடித்த முறை கவனிக்கத்தக்கது. அவர்கள் நோயுற்ற மாட்டைப் பரிசோதிக்கவில்லை. உயிரோடு இருக்கும் ஆயிரக்கணக்கான மாடுகளின் பரம்பரைப் பதிவுகளை வைத்துக்கொண்டு, கணக்குப்படி இருந்திருக்க வேண்டியவற்றில் எவை இல்லை என்று பார்த்தார்கள். நிறமூர்த்தத்தின் ஒரு குறிப்பிட்ட துண்டை ஒரு பக்கத்தில் மட்டும் கொண்ட மாடுகள் நிறைய இருந்தன. இரண்டு பக்கத்திலும் கொண்ட மாடு ஒன்றுகூட இல்லை. அப்படியானால் அவை பிறக்கவே இல்லை. இல்லாதவற்றின் கணக்கிலிருந்து உண்மை வெளிவந்தது. 2016இல் வெளியான ஓர் ஆய்வு, 35 ஆண்டுகளில் இந்த ஒரு குறையினால் உலகெங்கும் 525,000 கருக்கள் சிதைந்தன என்றும், நட்டம் 42 கோடி அமெரிக்க டொலர் என்றும் மதிப்பிட்டது. சீஃப் வழியாக வந்த பால் ஆதாயம் அதைவிடப் பல மடங்கு அதிகம் என்றும் அதே ஆய்வு சொன்னது. அதனால்தான் எவரும் சந்தேகப்படவில்லை.

ஜேர்சி இனத்திலும் இதே போன்ற கதை உண்டு. அதுவும் 1962இல் பிறந்த, ஒப்சர்வர் சொக்லட் சோல்ஜர் என்ற காளை வழியாகப் பரவியது. 2011இல் கண்டறிந்தபோது அமெரிக்க ஜேர்சி மாடுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று அந்தக் குறையைச் சுமந்துகொண்டிருந்தது. இன்று காளைகளின் இரத்தத்தையோ மயிரையோ பரிசோதித்து, குறையைச் சுமக்கும் காளை எதுவென்று காளைப் பட்டியலிலேயே குறிப்பிடுகின்றார்கள். குறையுள்ள காளையைக் கொல்ல வேண்டியதில்லை. குறையுள்ள இருவரைச் சேர்க்காமல் விட்டால் போதும்.

இந்த ஐம்பது வருடமும் பழி எங்கே போனது? மாட்டின் மேல். எத்தனை நல்ல பசுக்கள் மலடென்று சொல்லி இறைச்சிக்குப் போயிருக்கும்! இதை எழுதும்போது நமது வீடுகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பிள்ளை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரில் ஆண் பக்கத்திலும் காரணம் இருக்கின்றது என்பது வைத்திய உலகம் அறிந்த உண்மை. ஆனாலும் கிளினிக்குக்கு முதலில் போகிறவள் பெண்தான். கோயிலில் நேர்த்தி வைப்பவளும், மாமியாரின் சொல் கேட்பவளும் அவளே. மனிதரை மாட்டோடு ஒப்பிடுவது என் நோக்கமல்ல. தந்தை பக்கத்தைப் பாராமல் தாய் பக்கத்தில் மட்டும் காரணம் தேடும் பழக்கம் கொட்டகையிலும் வீட்டிலும் ஒன்றாக இருக்கின்றது என்றே சொல்கின்றேன்.

பரம்பரை எவ்வளவு? பராமரிப்பு எவ்வளவு?

அதற்காக, சினை தங்காத எல்லா மாட்டுக்கும் பரம்பரைதான் காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு மாடு சீக்கிரம் சினையாகின்றது, இன்னொன்று பிந்துகின்றது. இந்த வேறுபாட்டில் பரம்பரையின் பங்கு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. பால் அளவில் அது நூற்றுக்கு 20 முதல் 30 வரை. மிகுதி எல்லாம் தீவனம், தண்ணீர், வெப்பம், நோய், ஊசி போடும் நேரம், பார்க்கும் கண் என்பவற்றில் தங்கியிருக்கின்றது. "அதன் தாயும் இப்படித்தான், இது உருப்படாது" என்று சொல்லி நாகை விற்பதற்கு அறிவியலில் ஆதாரம் குறைவு.

ஐந்துக்கும் குறைவென்றால் மறந்துவிடலாமா? முடியாது. சிறிய பங்கு ஒவ்வொரு தலைமுறையிலும் சேர்ந்துகொண்டே போகும். அமெரிக்காவில் 1960 தொடக்கம் 2000 வரையான காலத்தில் ஒரு மாட்டின் சராசரிப் பால் இரண்டு மடங்குக்கும் மேலாகியது. காளைகளைப் பாலுக்காகவே தெரிந்தார்கள். அதே காலத்தில் மாடுகள் சினையாகும் வீதம் இறங்கிக்கொண்டே போனது. கன்று ஈன்றதும் உடம்பில் உள்ள சத்தையெல்லாம் பாலாக்கிக் கொடுக்கும் மாட்டுக்கு அடுத்த சினைக்குத் தெம்பு மிஞ்சுவதில்லை. 2003இல்தான் அங்கே ஒவ்வொரு காளையின் மகள்மாரும் எப்படிச் சினையாகின்றன என்பதையும் மதிப்பிட்டு வெளியிடத் தொடங்கினார்கள். அதன் பிறகு இறக்கம் நின்று, நிலைமை மெல்ல மெல்லத் திரும்பியது.

நோர்வே நாட்டவர்கள் 1970களின் தொடக்கத்திலேயே இதைச் செய்துவிட்டார்கள். ஒவ்வொரு காளைக்கும் 200, 300 மகள்மாரின் பதிவுகளைச் சேர்த்து, பாலோடு சினையையும் நோய் எதிர்ப்பையும் வைத்துக் காளைகளைத் தெரிந்தார்கள். நோர்வேச் சிவப்பு மாடு இன்றும் நன்றாகச் சினை தங்கும் இனம் என்று பெயர் பெற்றிருக்கின்றது. சிறு விவசாயிகள் மாட்டைப் பற்றி எழுதி வைத்த அட்டைகள் ஒரு நாட்டின் மாட்டினத்தையே காப்பாற்றின.

பால் என்ற நன்மைக்குள் தீமை ஒளிந்திருக்கவும் கூடும். 2014இல் பின்லாந்து, சுவீடன், டென்மார்க் நாடுகளின் சிவப்பு மாடுகளில் ஒரு விடயம் தெரியவந்தது. நிறமூர்த்தத்தின் ஒரு துண்டு இல்லாமற்போயிருந்த மாடுகள் மற்றவற்றைவிட அதிகம் பால் கறந்தன. ஆனால் தாய், தந்தை இரு பக்கத்திலும் அந்தத் துண்டு இல்லாத கரு இறந்துவிடும். பாலுக்காகத் தெரிந்தவர்கள் தம்மை அறியாமலே இழப்பையும் சேர்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

நமது வெயிலுக்கு எந்த மாடு?

இலங்கையில் செயற்கை முறைச் சினைப்படுத்தல் 1938இல் தொடங்கியது. இன்று கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களம் காலநிலைக்கு ஏற்ப இனங்களைப் பரிந்துரைக்கின்றது. மலைநாட்டுக் குளிருக்குப் பிரீசியன், ஜேர்சி, அயர்ஷயர். வன்னி, மட்டக்களப்பு போன்ற உலர்ந்த தாழ்நிலத்துக்கு சாஹிவால், அவுஸ்திரேலிய பிரீசியன் சாஹிவால் ஆகியவற்றின் கலப்புகள். றக்வான போன்ற ஈரமான இடைநிலத்தில் ஜேர்சிக் கலப்பே அதிகம் காணப்படுகின்றது.

ஊர்ப் பசுவுக்கு ஜேர்சி ஊசி போட்டுப் பிறக்கும் நாகு பாதி ஊர், பாதி ஜேர்சி. பால் கூடும், சினையும் நன்றாகத் தங்கும். இரண்டு தூரத்து இனங்கள் சேரும்போது வரும் இந்தத் தெம்பைக் கலப்பு வீரியம் என்பார்கள். "ஜேர்சி இரத்தம் கூடக் கூடப் பாலும் கூடும்" என்று நினைத்து அடுத்தடுத்துப் போட்டுக்கொண்டே போனால் அந்த வீரியம் குறைகின்றது, வெயிலைத் தாங்கும் குணமும் குறைகின்றது. 1987இல் கன்னிங்ஹாம், சிர்ஸ்டட் என்ற இருவர் உலக உணவு விவசாய அமைப்புக்காக வெப்ப நாடுகளின் கலப்பு மாடுகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தார்கள். பாதிக்குப் பாதி வரைக்கும் முன்னேற்றம் தெளிவாக இருந்தது. அதற்கு மேல் பாலில் பெரிய ஆதாயம் இல்லை, கன்றுக்கும் கன்றுக்கும் இடையிலான காலம் நீண்டது. பாதிக் கலப்புக் காளையையும் பாதிக் கலப்புப் பசுவையும் சேர்த்தபோதும் முதல் தலைமுறையின் தெம்பு குறைந்தது.

இதை உணராமல் மாட்டைக் கொண்டுவந்தால் சுமை யார் மேல் விழும் என்பதையும் நம் நாடு கண்டிருக்கின்றது. 2017இல் தொடங்கிய ஒரு திட்டத்தின் கீழ் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளிலிருந்து ஏறத்தாழ 5,000 பால் மாடுகள் தருவிக்கப்பட்டுப் பண்ணையாளர்களுக்கு விற்கப்பட்டன. பலர் கடன் எடுத்து வாங்கினார்கள். நோய் வந்தது, எதிர்பார்த்த பால் வரவில்லை, மறுபடி சினை தங்கவில்லை என்று பலர் முறையிட்டார்கள். மாடு செத்த வீட்டிலும் கடன் சாகவில்லை. எவராவது உங்களுக்கு உதவியாகவோ கடனாகவோ மாடு தர வந்தால், எத்தனை லீற்றர் என்று கேட்பதற்கு முன் எந்த இனம், எத்தனை பங்கு கலப்பு, எங்கே வளர்ந்தது என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஊருக்கு ஒரே காளை

மீள்குடியேறிய கிராமங்களில் பல இடங்களில் ஊருக்கு ஒரு காளைதான். அதற்குப் பிறந்த நாகுகள் வளர்ந்து அதே காளையிடமே சினையாகின்றன. அந்தக் காளையிடம் ஒரு மறைந்த குறை இருந்தால், அதன் மகள்மாரில் பாதிப் பேரிடம் அது இருக்கும். அவற்றை அதே காளையோடு சேர்த்தால் எட்டுக் கருவில் ஒன்று அழியும். பிறக்கும் கன்றுகளும் நலிந்திருக்கக்கூடும். ஆகவே காளைக்கு மகள் பருவம் வருமுன் அடுத்த ஊர்க் காளையோடு மாற்றிக்கொள்ளுங்கள். சங்கமாக இருந்தால் இது இலகு. ஊசி போடும் இடங்களிலும் தாய்க்குப் போட்ட அதே காளையை மகளுக்கும் போட வேண்டாம்.

இன்னொன்றையும் அறிந்திருங்கள். இரட்டைக் கன்றில் ஒன்று காளைக்கன்றாகவும் மற்றது நாகாகவும் இருந்தால், அந்த நாகு பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடாகவே இருக்கும். இது பரம்பரைக் குறை அல்ல. வயிற்றில் இருவரின் இரத்தமும் கலந்து, காளைக்கன்றின் பக்கமிருந்து வரும் ஓமோன்கள் நாகின் கருப்பை வளர்வதைத் தடுத்துவிடுகின்றன. தாயின் மேலும் குற்றமில்லை, அடுத்த கன்றுகளுக்கும் பயமில்லை. ஆனால் நாகு வாங்கும்போது "இது இரட்டையில் பிறந்ததா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கத்தும் நேரமும் கவனமும்

மாடு சினைக்கு வந்து நிற்கும் நேரம் பொதுவாக 12 முதல் 18 மணித்தியாலம். கட்டி வளர்க்கும் மாடு மற்ற மாட்டின் மேல் ஏறாது, ஆகவே அடையாளம் தவறிவிடும். கண்ணாடி போன்ற சளி வடிதல், அடிக்கடி கத்துதல், தீனில் கவனமின்மை, திடீரென்று பால் குறைதல் என்பவற்றைப் பாருங்கள். வெப்பமான இடங்களில் இரவிலேயே அதிகம் தெரியும். படுக்கப் போகுமுன்னும் விடியற்காலையிலும் கொட்டகையை ஒருமுறை பாருங்கள். காலையில் கண்டால் அன்று மாலை ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை ஊசி. கன்று ஈன்று இரண்டு மாதம் கழிந்த பின் தொடங்கலாம்.

ஈன்ற மாட்டுக்குத் தண்ணீர் தாராளமாக வையுங்கள். புல்லோடு கிளிரிசீடியா இலை, தவிடு, புண்ணாக்கு, கனியுப்புக் கலவை கொடுங்கள். மெலிந்துகொண்டே போகும் மாடு எந்தக் காளைக்கும் சினை தங்காது. சினை பிந்திச் சிதைந்தால் அது தொற்று நோயாகவும் இருக்கலாம். புரூசெல்லோசிஸ் என்ற நோய் மனிதருக்கும் தொற்றும். விழுந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள், வைத்தியருக்கு உடனே அறிவியுங்கள், பாலைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

ஒரு கொப்பி, ஆறு வரி

எங்கள் குழுவில் இப்போது மாடு வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு பாடசாலைக் கொப்பி இருக்கின்றது. எழுத வராதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கின்றார்கள். ஒரு மாட்டுக்கு ஒரு பக்கம், அதில் ஆறு வரி.

1. கன்று ஈன்ற திகதி.
2. கத்திய திகதியும் நேரமும்.
3. ஊசி போட்ட திகதியும் நேரமும்.
4. காளையின் இலக்கமும் இனமும்.
5. 21 நாளில் மறுபடி கத்தியதா?
6. இரண்டு, மூன்று மாதத்தில் வைத்தியர் பார்த்துச் சொன்ன முடிவு.

நான்காவது வரிதான் புதிது. விந்து அடைத்த சிறு குழலின் மேல் காளையின் இலக்கம் அச்சிடப்பட்டிருக்கும். ஊசி போட வருபவரிடம் கேட்டு எழுதுங்கள், முடிந்தால் வெறுங்குழலையே வாங்கிக் கொப்பியில் ஒட்டுங்கள். முதலில் சிலர் சிரிப்பார்கள். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். மூன்று தடவைக்கு மேல் ஒரு மாடு தவறினால் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தியரிடம் காட்டுங்கள். ஒரே காளையா, நேரம் பிந்தியதா, மாடு மெலிந்திருந்த காலமா என்று அவர் பார்த்துச் சொல்வார். பத்துப் பெண்களின் கொப்பிகளைச் சேர்த்துப் பார்த்தால், ஒரு மாட்டில் தெரியாதது தெரியவரும்.

சினை தங்காத மாட்டுக்கு ஒரு காரணம் இருக்கும், அது ராசியும் அல்ல, வந்த நேரமும் அல்ல. மாட்டை விற்பதா, வைத்திருப்பதா என்ற முடிவை வாசலில் நிற்கும் வியாபாரியோ பக்கத்து வீட்டுப் பேச்சோ எடுக்கக் கூடாது. உங்கள் கையெழுத்தில் உள்ள அந்த ஆறு வரியைப் பார்த்து நீங்கள் எடுங்கள்.